கொட்டாஞ்சேனை மதிலுக்குப் பசை காய்ச்சியவருக்கு

அன்பானவர்களே,

கொழும்பு கொட்டாஞ்சேனை மதிலில் ஒட்டியிருந்த மன்னார் மக்களின் பெரிய படங்கள் புதன் இரவு பாழாய்ப்போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்ல மனம் வரவில்லை. வெள்ளி காலை மன்னார் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் தங்கள் முகங்களை மதிலில் பார்த்தார்கள். பேசாலையில் கருவாடு காயவைக்கும் அக்கா தன் படத்தின் முன் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு படத்தில் இருந்த கன்னத்துச் சுருக்கத்தை விரலால் தடவினார்.

அதற்காகக் கொத்துரொட்டிக் கடை நானாவுக்கு என் நன்றி. வியாழன் இரவு, வாங்கிய பசை எல்லாம் தீர்ந்து, ஒழுங்கையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துக் கோதுமை மாவில் காய்ச்சப் பார்த்தேன். பானை முழுக்கக் கட்டி. கடை பூட்டிக்கொண்டிருந்தவர் வந்து எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, சுடுதண்ணில மாவக் கொட்டினா கட்டிதான் புடிக்கும். பச்சத்தண்ணில கரைச்சிட்டு அடுப்புல வைங்க" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. பூட்டிய கதவைத் திறந்து, தன் பெரிய அடுப்பைப் பற்றவைத்து, இரண்டரை மணி வரை நின்று கிண்டினார். இளவயதில் சினிமா போஸ்டர் ஒட்டியவராம். உப்பளத்து ஐயாவின் படத்தை விரித்தபோது, "இவரு பேரு என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் பசை தடவினார். மற்ற ஒவ்வொரு படத்துக்கும் அதே கேள்வி.

அமெரிக்காவின் அரிசோனாவில் நவாஹோ பழங்குடி மக்களின் பாலைநிலத்தில் 1987 முதல் மருத்துவராக வேலை செய்த சிப் தோமஸ், அந்த மக்களைத் தான் எடுத்த படங்களைப் பெருப்பித்து, 2009 முதல் சாலையோரக் கடைகளில் மாப்பசையால் ஒட்டினார். படம் பார்க்க நின்ற பயணிகளால் கடைக்காரருக்கும் வியாபாரம் நடந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. கொழும்பில் மன்னார் என்றால் கழுதை, பெருக்கமரம், கருவாடு என்றுதான் பேசுகிறோம். அந்த வறண்ட மண்ணில் வாழ்கிறவர்களின் முகம் நமக்குத் தெரியாது. வெயிலும் மழையும் பட்டால் காகிதம் நிற்காது, சரி. ஆனால் அவர்கள் வந்து பார்க்கும்வரையாவது நிற்க வேண்டும் என்றுதான் தவித்தேன்.

ஏணி தந்த வீட்டார், ஒரே இரவில் திரும்ப அச்சடித்துத் தந்த அச்சகத்தார், படங்களை நனையாமல் கொண்டுவந்த ஆட்டோத் தம்பிமார், பிளேன்டீ ஊற்றிக்கொண்டே இருந்த அன்ரிமார், எல்லோருக்கும் நன்றி.

அடுத்த முறை இந்த முகங்களைப் பேசாலையிலேயே ஒட்டுவேன், அவர்கள் நடக்கும் வழியில். பசையை நானே காய்ச்சுவேன், பச்சைத்தண்ணீரில் கரைத்து.

மதில் வேலைக்காரி