மாத்திரை வீட்டுக்கு வருகிறது, விழித்திரையை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தாய்மாமா குலசேகரம் பக்கம் முப்பது வருஷமாக ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால், எந்த மரத்தில் எவ்வளவு ஆழம் கத்தி போகலாம் என்று கைக்கே தெரியும். போன வருஷம் ஒரு நாள் தோட்டக்காரர் கூப்பிட்டு நாலைந்து மரத்தைக் காட்டினார். பட்டையைத் தாண்டி தடியிலேயே கத்தி இறங்கியிருந்தது. மாமாவுக்கு என்னவென்றால், சரிவாக ஒரே கோடாய் இறங்க வேண்டிய வெட்டு நடுவில் நெளிந்து தெரிந்திருக்கிறது. பவர் ஏறிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை கண்ணாடி மாற்றினார். அப்புறம் ஒரு காலையில் வலது கண்ணில் கரி நூல் நூலாக மிதந்து, மத்தியானத்துக்குள் அந்தக் கண்ணே இருட்டிவிட்டது.

அவருக்குச் சர்க்கரை வந்து 11 வருஷம். மாத்திரை தவறியதில்லை. ஆனால் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரித்து, கண்ணுக்குள் பின்பக்கம் காட்சி பதிகிற விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் யாருமே சொல்லவில்லை. எழுத்து வாசிக்கச் சொல்லிக் கண்ணாடி கொடுப்பது வேறு, புரை பார்ப்பது வேறு, இது வேறு. நம் ஊரில் இந்த மூன்றையும் ஒன்றாகவே நினைக்கிறோம், அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் விழித்திரையின் பொடி ரத்தக் குழாய்கள் கெட்டு நீர் கசியும். அந்த நீர் விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கி வீங்கினால் நேர்கோடு வளையும், ஆள் முகம் மங்கும். சில பேருக்குப் பலமில்லாத புதுக் குழாய்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். இதில் கொடுமை, ஆரம்பத்தில் பார்வை நன்றாகவே இருக்கும், வலி துளியும் இருக்காது. அதனால்தான் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை என்றால் கண்டுபிடித்த உடனேயும், பிறகு வருஷம் ஒரு தடவையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

மாமாவை நாகர்கோவிலில் பஸ் மாறி திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். இடது கண்ணுக்கு, விழித்திரை வீக்கத்தைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்து, வீக்கம் வற்ற ஊசி போட்டார்கள். கண்ணில் ஊசியா என்று அம்மா அழுதே விட்டார். மரக்க மருந்து விட்டு, வெள்ளை விழி வழியாகச் சின்ன ஊசியால் போடுவதுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் ஒரு ஊசியோடு தீராது, மாதா மாதம் சில தடவை போட வேண்டியிருக்கும். கொஞ்சம் தெளிந்ததும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். லேசரும் வைத்தார்கள், அது போன பார்வையைக் கொண்டு வருவதற்கல்ல, மிச்சத்தைக் காப்பாற்ற. வலது கண்ணில் ரத்தம் வடியாததால் ஆபரேஷன் செய்து உள்ளே கலங்கிய ஜெல்லியை எடுத்தார்கள். இப்போது ஆள் அடையாளம் தெரிகிறது, வெட்டுக்கோடு தெரியவில்லை. ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கும் வேலைக்குப் போகிறார்.

சர்க்கரை இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கூட்டமாகவோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலவோ தெரிந்தால் விழித்திரை கிழிந்திருக்கலாம், பிரிந்துகொண்டிருக்கலாம். கிட்டப்பார்வைக்குக் கனத்த கண்ணாடி போடுகிறவர்களும் புரை ஆபரேஷன் செய்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு திருவிழா முடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே போங்கள். வெறும் கிழிசலோடு பிடித்தால் பெரும்பாலும் லேசரிலேயே முடியும், நடுப்பகுதியும் பிரிந்துவிட்டால் ஆபரேஷன் செய்தாலும் பழைய பார்வை முழுசாகத் திரும்புவது கஷ்டம்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ரொம்ப நல்ல காரியம். கொண்டு வரும் அக்காமார் “இந்த வருஷம் கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்த்தாச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மலையோரத்திலும் கடலோரத்திலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் குறிப்பிட்ட நாள் வைத்து விழித்திரையைக் கேமராவில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினால், பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் பஸ் ஏறினால் போதும். ஒரு நாள் பால்வெட்டை விட்டுவிட்டு, துணைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போவது எல்லாருக்கும் முடியாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கண் சிகிச்சை முகாம் செய்தி போடும்போது, அங்கே விழித்திரையும் பார்ப்பார்களா, புரை மட்டும்தானா என்று கேட்டு ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்