தச்சர் தேர்வைப் பழைய வீட்டில் வையுங்கள்

தச்சர்களுக்குத் திறன் சான்று வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுரையில் 22 வருடமாகத் தச்சு வேலை செய்கிறேன். இப்போது வருவதில் பெரும்பாலும் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலைதான். மாடுலர் கிச்சன் போடுவது, கரையான் அரித்த கதவு நிலையை மாற்றுவது, இப்படி.

போன வருடம் ஒரு மையத்தில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினேன். புதுப் பலகை கொடுத்து, ஒன்றில் கழுந்தும் (நீட்டிய முனை) மற்றதில் அது நுழையும் துளையும் போட்டுச் சேர்க்கச் சொன்னார்கள். அரை நாளில் முடிந்தது. சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நான் தினமும் செய்கிற வேலையை அந்தத் தேர்வு தொடவே இல்லை.

பழைய வீட்டுச் சுவர் நேராக நிற்காது. தூக்குக்குண்டு விட்டால் மேலே ஒட்டியிருக்கும், கீழே நாலு நூல், அதாவது அரை அங்குலம், விலகும். மூலைமட்டம் வைத்தால் மூலை சேராது. பட்டறையில் சதுரமாக அறுத்த பெட்டி அங்கே எப்படி உட்காரும்? சுவரின் வளைவைப் பலகையில் கோடாக வாங்கி, அந்தக் கோடு வரை இழைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி இழைக்க வேண்டும். இதைப் பழக எனக்கு நாலைந்து வருடம் ஆனது. அப்புறம் கதவு நிலை விஷயம். சில வீடுகளில் மேலே இருக்கிற செங்கல் வரிசையே நிலைமேல்தான் உட்கார்ந்திருக்கும். முட்டுக் கொடுக்காமல் பெயர்த்தால் சுவர் தலையில் விழும். ஸிங்க் அடியில் லேசான ஈரப்பதம் மட்டுமே தாங்கும் சாதாரண எம்.ஆர். ப்ளைவுட் போட்டால் ஈரத்தில் உப்பிவிடும். 72 மணி நேரம் கொதிநீரில் சோதிக்கிற, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் உள்ள ப்ளைவுட்தான் அங்கே தாங்கும். இதையெல்லாம் தேர்வில் யாரும் கேட்கவில்லை.

கைத்தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2023 செப்டம்பர் 17இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் உண்டு. 5 முதல் 7 நாள் அடிப்படைப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய், கருவிக்கு 15,000 ரூபாய். நல்ல உதவி. அதற்கு மேல் 15 நாள் உயர்பயிற்சியும் இருக்கிறது. அதில் ஒரு வாரத்தையாவது பழைய வீட்டு வேலைக்கு ஒதுக்குங்கள். இடிக்க ஒதுக்கிய அரசுக் குடியிருப்பு ஒன்றே போதும், பயிற்சியும் தேர்வும் அங்கேயே நடக்கலாம். மதிப்பெண் போடுகிறவரும் இழைப்புளி பிடித்தவராக இருக்கட்டும். புதுப்பிப்பு வேலைக்கென்று தனிச் சான்றும் கொடுங்கள்.

என்னிடம் வேலை பழகும் தம்பி அடுத்த வருடம் தேர்வுக்குப் போகிறான். கோணல் சுவரில் பலகை உட்கார வைக்க இப்போதே பழக்கிக்கொண்டிருக்கிறேன். தேர்வில் அதையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி, மதுரை