போர் நூல் வாங்கும் முன் மூன்று தேதிகளைத் தேடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலம் புத்தகத் திருவிழாவை ஒட்டி நீங்கள் வெளியிட்ட ஈழப் போர் நூல்களின் பட்டியலில் எழுதியவர் பெயரும் விலையும் உள்ளன. எழுதியவர் போரில் எந்த இடத்தில் இருந்தார், எந்த ஆண்டு எழுதினார் என்ற இரண்டும் இல்லை. போராளியோ தளபதியோ எழுதிய நூலை வாங்குகிறவருக்கு விலையைவிட இவைதாம் முதலில் தெரிய வேண்டும்.

கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் ஒரு நூலைச் சோதித்துவிடலாம். 1987 அக்டோபர், 1990 அக்டோபர், 2009 ஜனவரி முதல் மே வரை. இந்த மூன்றையும் பொருளடக்கத்திலும் பின்னால் உள்ள பெயரடைவிலும் தேடுங்கள். பெயரடைவே இல்லாத வரலாற்று நூலுக்கு அப்போதே பாதி மதிப்பெண் போயிற்று. தமிழ்ப் பதிப்புகளில் செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அதுதான், அடுத்தது வரைபடம்.

முதல் தேதி, இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை புலிகளோடு மோதத் தொடங்கிய மாதம். 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை அங்கிருந்த அந்தப் படை சுமார் 1,200 பேரை இழந்தது. மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் அதில் 54ஆவது டிவிஷனின் தளபதி, லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங் ஒட்டுமொத்தப் படைக்கும் தலைவர், ஜே.என். தீட்சித் கொழும்பில் இந்தியத் தூதர். மூவருமே நூல் எழுதியிருக்கிறார்கள். பேச்சுக்கு வரும் பிரபாகரனைப் பிடிக்கவோ சுடவோ சொல்லி 1987 செப்டம்பரில் தூதர் தன்னிடம் கூறியதாக ஹர்கிரத் சிங் சொல்கிறார். அவருடைய நூல் 2007இல் வந்தது. தீட்சித்தின் நூல் வந்தது 1998இல். அவர் 2005 ஜனவரியில் காலமாகிவிட்டார். ஒருவர் நூலை மட்டும் வாங்கினால் வழக்கில் ஒரு கட்சியின் வாதம் மட்டுமே கைக்கு வரும். இவற்றைச் சோடியாகத்தான் வாங்க வேண்டும்.

அதே அக்டோபரில் 11ஆம் தேதி இரவு, புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டர்களில் இந்தியப் படை இறக்கப்பட்டது. சீக்கிய இலகு காலாட்படையின் 13ஆவது பட்டாலியனிலிருந்து இறங்கிய 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். ரேடியோ பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டுவிட்டார்களா, உளவுத் தகவல் தப்பா, மிச்சப் படையை ஏன் இறக்க முடியவில்லை? இவற்றில் எந்தக் கேள்வியை நூலாசிரியர் தாண்டிப் போகிறார் என்று பாருங்கள், அவர் யாரைக் காப்பாற்றுகிறார் என்பது விளங்கிவிடும்.

1990 அக்டோபர், புலிகள் தரப்பு நூல்களுக்கு உரைகல். அந்த மாதக் கடைசியில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். இதை ஒரே வரியில் கடக்கும் நூலும் உண்டு, வாயே திறக்காத நூலும் உண்டு. அமைதிப்படை நூல்களில் இதைத் தேடிப் பயனில்லை, அவற்றின் கதை மார்ச்சிலேயே முடிந்துவிடும்.

போரின் கடைசி மாதங்களான 2009க்கு, இறந்தவர்களின் எண்ணைப் பாருங்கள். ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, பொதுமக்கள் இறப்பு 40,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டைத் தள்ளிவிட முடியாது என்ற அளவில்தான் பேசுகிறது. ‘40,000 பேர் இறந்ததாக ஐ.நா. அறிவித்தது’ என்று எழுதும் நூலும் கவனக்குறைவானது, அந்த அறிக்கையையே குறிப்பிடாத நூலும் நம்பத்தக்கதல்ல. இலங்கை இராணுவத்தின் 53ஆவது டிவிஷனை நடத்திய கமால் குணரத்னவின் நூல் 2016இல் வந்தது; 2019இல் அவர் பாதுகாப்புச் செயலாளர் ஆனார். அதற்காக ஒதுக்க வேண்டாம். படை எந்த வழியாக, எந்த வரிசையில் நகர்ந்தது என்பதற்கு அப்படிப்பட்ட நூல் வேண்டும். பதுங்குகுழிக்குள் இருந்த மக்களைப் பற்றி அதைக் கேட்கக் கூடாது.

எழுதிய ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு நூல்கள். ‘முறிந்த பனை’ போருக்கு நடுவே, முடிவு தெரியாமல் எழுதப்பட்டது. அதை எழுதிய நால்வரில் ஒருவரான, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ தோல்விக்குப் பின் திரும்பிப் பார்ப்பது. அவர் 2015 அக்டோபரில் இறந்தார், நூல் 2016இல் வந்தது; அச்சான பிரதியை அவர் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

பதிப்பு விவரப் பக்கத்தில் மூல நூல் வந்த ஆண்டு, மூல மொழி, மொழிபெயர்ப்பாளர் பெயர், சுருக்கப் பதிப்பா என்ற நான்கையும் பாருங்கள். மறுபதிப்பு ஆண்டை மட்டும் போட்டு, பழைய நூலைப் புதிதுபோல விற்பது நடக்கிறது. ஈழத் தமிழை ‘திருத்திய’ பதிப்பையும் தவிர்க்கலாம். ‘பொடியள்’ என்பதைப் ‘பையன்கள்’ என்று மாற்றினால், அங்கே சொல்லப்படுவது இயக்கத்துப் போராளிகளை என்பதே போய்விடும்.

ஊர்ப்பெயர்களும் காலை வாரும். 1983 ஜூலை 23 அன்று 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட திருநெல்வேலி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, நம் நெல்லை அல்ல. 1980களில் புலிகளின் பயிற்சி முகாம் இருந்த கொளத்தூர் மேட்டூர் பக்கத்து நம் கொளத்தூர், சென்னைக் கொளத்தூர் அல்ல. வட இலங்கையின் ஏ-9 சாலை, ஆனையிறவு, நந்திக்கடல், முள்ளிவாய்க்கால் இவை நான்கும் தெரியும் வரைபடம் இல்லாவிட்டால் கடைசி ஐந்து மாதங்களைப் பின்தொடர முடியாது.

ஏற்காட்டில் நூல் சேர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. போர் நூல்களில் படங்கள் பளபளப்புத் தாளில் வரும்; மழைக்கால ஈரத்தில் அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரியும். வரைபடம் சாதாரணத் தாளில் உள்ள பதிப்பே மலைக்கு ஏற்றது. சுவரோரம் வைக்காமல் காற்றாட வையுங்கள்.

அடுத்த பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் முதல் பதிப்பு ஆண்டையும், 1987இலோ 2009இலோ எழுதியவர் வகித்த பொறுப்பையும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு இடம் போதாது என்றால் அட்டைப் படங்களை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நூலக வாசகர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 7