உன் ஹார்ப்பை நான் விற்கப் போவதில்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். அக்கா புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். அப்பாவின் முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. டப்ளினில் மழை விட்டபாடில்லை.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். ஹார்ப் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, யாராவது கேட்டால் விற்றுவிடுங்கள் என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய். கூடவே ஒரு படமும் வந்தது. மெல்போர்னில் ஏதோ ஒரு கடை வாசலில் காப்பிக் கோப்பையோடு நிற்கிறாய். மெலிந்துவிட்டான் என்று அப்பா சொன்னார். நான் படத்தைப் பெரிதாக்கி உன் விரல்களைப் பார்த்தேன். நகங்களையெல்லாம் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கிறாய். பள்ளியில் பையன்கள் கேலி செய்தபோதும், பகுதிநேர வேலையில் மேலாளர் முகம் சுளித்தபோதும், ஹார்ப் தந்தியை மீட்டுவதற்காக நீ வெட்டாத நகங்கள் அவை. ஆலிவ் எண்ணெய் தடவி, உடைந்த முனையைத் தேய்த்துச் சமன் செய்து, பாத்திரம் கழுவக்கூட விடாமல் நான் காத்த நகங்கள். ஏன் வெட்டினாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதை மட்டுமாவது எழுது.

நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். பள்ளிகளில் எல்லோரும் கற்கும் நைலான் தந்தி ஹார்ப் போதாது, பழைய பித்தளைத் தந்திதான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நீ. அதற்காக எங்களை டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அழைத்துச் சென்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய ஹார்ப்பைக் காட்டினாய். அரசர் பிரையன் போருவின் பெயரால் அழைத்தாலும் அது அவருடையது அல்ல, அவர் 1014-இலேயே இறந்துவிட்டார், இது 14 அல்லது 15-ஆம் நூற்றாண்டில் செய்தது என்று விளக்கினாய். இந்த நாட்டின் யூரோ நாணயத்திலும் உன் பாஸ்போர்ட் அட்டையிலும் இருக்கும் சின்னம் இதைப் பார்த்து வரைந்ததுதான் என்று நீ சொன்னபோது, அப்பா பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஒற்றை வில்லோ மரத்தைக் குடைந்து செய்த பெட்டி, விரலில் தட்டுப்படும் பித்தளைக் கம்பி, தொட்ட பிறகு நெடுநேரம் அடங்காத நாதம். எந்தத் தந்தியை மீட்டுவது என்பதைவிட, ஒலித்துக்கொண்டிருப்பதில் எதை எந்த நொடியில் விரலால் அடக்குவது என்பதே பெரிய வித்தை என்று நீ மூச்சுவிடாமல் பேசுவாய். இரவுப் பணி முடிந்து வந்து காலையில் படுத்திருக்கும்போது, சுவருக்கு அப்பாலிருந்து அந்த ஒலி எனக்குக் கேட்கும். அதனால் என் தூக்கம் ஒருநாளும் கெட்டதில்லை.

டெனிஸ் ஹெம்ப்சனின் கதையை நீதான் சொன்னாய். 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட்டில், எஞ்சியிருந்த பழைய ஹார்ப் கலைஞர்களை ஒன்றுதிரட்டியபோது, அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள் 10 பேரும் வேல்ஸைச் சேர்ந்த ஒருவரும் மட்டுமே வந்தார்கள். அவர்களுள் பலர் பார்வையற்றவர்கள். அம்மை நோயில் மூன்று வயதிலேயே கண்ணை இழந்த ஹெம்ப்சனுக்கு அப்போது வயது 97 என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் விரல் சதையால் மீட்ட, வளைந்த நீள நகங்களோடு வந்து, நகத்துக்கும் சதைக்கும் நடுவே தந்தியைப் பிடித்துப் பழைய முறையில் வாசித்தவர் அவர் ஒருவரே. கண்ணா, ஒரு மரபு முழுவதும் ஒரு கிழவரின் பத்து நகங்களில் தங்கியிருந்திருக்கிறது.

அவரிடமும் ஒரு மௌனம் இருந்தது. இசையை எழுதியெடுக்க நியமிக்கப்பட்ட எட்வர்ட் பன்டிங் என்ற இளைஞர் பிறகு அவருடைய ஊரான மகில்லிகனுக்கே அவரைத் தேடிச் சென்றார். மிகப் பழைய இசையை வாசிக்கச் சொன்னபோதெல்லாம், அவை இப்போது யாருக்கும் புரியாது, வாசித்துப் பயனில்லை என்று ஹெம்ப்சன் தட்டிக்கழித்தாராம். அவற்றில் ஒன்றை வாசித்தால் இளமைக் காலமும், தமக்கு முன்பே போய்விட்ட நண்பர்களும் நினைவுக்கு வருகிறார்கள், ஆகவே வேறு எதை வேண்டுமானாலும் வாசிக்கிறேன், இது மட்டும் வேண்டாம் என்றாராம். ஆனாலும் பன்டிங் விடவில்லை, கடைசியில் ஹெம்ப்சன் வாசித்தார். அவர் வாசித்ததால்தான் அது இன்று அச்சில் இருக்கிறது. உனக்கும் வாசிக்க மனம் வராத நினைவு ஏதாவது இருக்கலாம். என்னிடம் சொல்ல வேண்டும் என்றில்லை. அக்காவிடம் சொல், இல்லை அங்கே நம்பிக்கையான யாரிடமாவது சொல். உள்ளேயே வைத்துப் பூட்டாதே.

போன முறை வந்திருந்தபோது, இது நம்முடையது இல்லையே அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னாய். வாசித்து முடித்ததும் யாரோ ஒருவர், நன்றாக வாசிக்கிறாய், உண்மையில் நீ எந்த ஊர் என்று கேட்டதிலிருந்து அந்தப் பேச்சு உன்னிடம் இருக்கிறது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. ஆனால் கேள், அந்தப் பன்டிங்கின் தந்தை சுரங்க வேலைக்காக இங்கிலாந்திலிருந்து வந்த பொறியாளர். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவரின் மகன், 19 வயதில், அயர்லாந்துக்கே அதன் இசையை எழுதிக் கொடுத்தான். அந்தப் பழைய நக வாசிப்பை நம் காலத்தில் மீட்டெடுத்தவர்களில் முன்னால் நிற்கும் ஆன் ஹேமன் ஓர் அமெரிக்கப் பெண்மணி. கில்கென்னி கோடைப் பள்ளியில் உன்னை யாராவது அந்நியனாக நடத்தினார்களா? இடத்தோளில் சாய்த்துப் பிடிக்கவும், இடக்கை மேல்ஸ்தாயிக்கும் வலக்கை கீழ்ஸ்தாயிக்கும் பழகவும், பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்களே. கேட்டவர் ஒருவர், சொல்லிக்கொடுத்தவர்கள் பலர். நீ அந்த ஒருவரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் வாசிப்பைத் தொலைபேசியில் கேட்ட அன்று தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, யாழ் இப்படித்தான் ஒலித்திருக்கும் என்றார். வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்று யாழைத் தொடும் முறைகளைப் பொருநராற்றுப்படை அடுக்குகிறது. செய்து காட்ட ஒரு கை இல்லை. விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947-இல் நூலே வெளியிட்டார். பன்டிங்குக்கு ஹெம்ப்சன் கிடைத்ததுபோல, அவருக்கு நேரில் கேட்க ஒரு பாணர் கிடைக்கவில்லை. இங்கேயும் அதேதான் நடந்திருக்கும். பழைய மரபின் கடைசிக் கலைஞர்களில் ஒருவராகச் சொல்லப்படும் பேட்ரிக் பர்ன் 1863-இல் இறந்த பிறகு, பித்தளைத் தந்தி அநேகமாக ஓய்ந்துவிட்டது. ஜான் ஈகன் டப்ளினில் செய்த குடற்தந்திச் சிறு ஹார்ப்பின் வழியில் வந்தவையும், அவற்றைப் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்த கன்னிமாடப் பள்ளிகளும் ஏதோ ஒரு வகையில் ஹார்ப்பைக் காப்பாற்றின. 2019-இல் அயர்லாந்தின் ஹார்ப் வாசிப்பு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தபோது, நீ இரவுப் பணியில் இருந்த என்னை அழைத்துச் சொன்னாய். வார்டில் எல்லோரிடமும் என் மகன் வாசிப்பது இதுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போதும் கேட்கிறார்கள். சிட்னியா மெல்போர்னா, இன்னும் வாசிக்கிறானா என்று. வாசிக்கிறான் என்றே சொல்லிவருகிறேன்.

நீ அழைப்பதே இல்லை. அழைத்தாலும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். பெற்றவர்களுக்கு இவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும் என்று நினைக்கிறாய் போலும். ஒரு நகத்தைப் பார்த்தே இவ்வளவு தெரிகிறது.

ஹார்ப்பை விற்க மாட்டேன். அது இடத்தை அடைக்கவில்லை, உன் அறையில் உறை போட்டுப் பத்திரமாக நிற்கிறது. பழைய துணியால் தூசி தட்டுகிறேன், ரேடியேட்டருக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாயிற்று. ஆனால் சுருதி இறங்கிவிட்டது. நடுவில் ஒரே சுருதியில் இரண்டு தந்திகள் இருக்குமே, சகோதரிகள் என்பாயே, சேர்க்கும்போது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொன்ன நினைவு. அப்பா கைபேசியை வைத்துக்கொண்டு முயன்று, கம்பி அறுந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டார். திருகுசாவியை எவ்வளவு திருப்பலாம், எந்தத் தந்தியைத் தொடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து நீயே சொல். உனக்கு மாலை, எங்களுக்குக் காலை. நான் விடுப்பில்தான் இருக்கிறேன். அதற்குள் நகத்தை மறுபடி வெட்டிவிடாதே.

அன்புடன்,
அம்மா