ஜெட் இலக்கு விமானங்களைப் பீரங்கி வீரர்களின் பயிற்சிக்குத் தாராளமாகக் கொடுங்கள்

பாதுகாப்பு அமைச்சகத்துக்கும், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வுக்கும், ராணுவ வான்பாதுகாப்புப் படைப்பிரிவின் தலைமைக்கும்,

வணக்கம்.

2024 ஜூனில் ஒடிசாவின் சண்டிப்பூரில் 'அப்யாஸ்' இலக்கு விமானம், அதாவது சுட்டுப் பழகவும் ஆயுதங்களைச் சோதிக்கவும் பறக்கவிடும் ஆளில்லா ஜெட் விமானம், அடுத்தடுத்து ஆறு முறை சோதிக்கப்பட்டு, உற்பத்திக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்., தனியார் நிறுவனமான எல் அண்ட் டி இரண்டும் அதைத் தயாரிக்கும் என்ற செய்தியையும் படித்தேன். மனம் நிறைந்தது. வான்பாதுகாப்புப் பீரங்கியில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த விமானங்கள் புதிய ஏவுகணைகளின் சோதனைக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. எல்-70 என்ற விமான எதிர்ப்புப் பீரங்கியை இயக்கும் சாதாரண சிப்பாயும் இவற்றைச் சுட்டு வீழ்த்திப் பழக வேண்டும்.

ஒடிசாவின் கோபால்பூர் கடற்கரையில் நாங்கள் சுட்டுப் பழகியது 'ஸ்லீவ்' எனப்படும் துணிக்குழாயை. ஒரு விமானம் நீண்ட கம்பியில் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். லோடர் நான்கு நான்கு குண்டுகளாக மேலிருந்து திணித்தபடி இருப்பார். மேடையே அதிரும், புகை கண்ணைக் கரிக்கும், காது அடைத்துவிடும். கையையும் மனத்தையும் பதப்படுத்த நல்ல பயிற்சிதான் அது. ஆனால் ஸ்லீவ் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், நேர்கோட்டில் வரும். எங்கே வரும், எப்போது வரும் என்பது சுடுகிறவனுக்கு முன்பே தெரியும்.

ஜெட் இலக்கு வேறு விதம். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில், கடலுக்கு 15 மீட்டர் உயரத்தில் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பூமியின் வளைவு மறைப்பதால், கரையில் தாழ்வாக நிற்கும் ரேடாருக்கு அது சுமார் 20 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரியும். அங்கிருந்து பீரங்கியை எட்ட 100 நொடி. அதற்குள் அடையாளம் கண்டு, உத்தரவு வாங்கி, பீரங்கியைத் திருப்பியாக வேண்டும். எல்-70-இன் வீச்சுக்குள் அது இருப்பது 20 நொடி கூட இல்லை. அந்த 20 நொடியில் கை நடுங்காமல் இருக்க, அதே வேகத்தை முன்பே பலமுறை சந்தித்திருக்க வேண்டும். சிமுலேட்டரில் பழகலாம், சரி. ஆனால் திரையில் தவறவிட்டால் யாருக்கும் வியர்ப்பதில்லை.

நம்மிடம் இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. பெங்களூருவில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் ஏ.டி.இ. ஆய்வகம் உருவாக்கிய 'லக்‌ஷ்யா' என்ற ஜெட் இலக்கு விமானம் 2000-ஆம் ஆண்டிலேயே விமானப்படைக்கு வந்துவிட்டது. அதற்கான பி.டி.ஏ.இ.-7 ஜெட் எஞ்சினை எச்.ஏ.எல். இங்கேயே செய்தது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் லக்‌ஷ்யா திரும்ப மீட்கப்பட வேண்டிய விமானம். ஒன்றரை கிலோமீட்டர் கம்பியில் இழுத்துவரும் இலக்கைத்தான் சுடுவார்கள். வேலை முடிந்ததும் லக்‌ஷ்யா பாராசூட்டில் இறங்கும். அப்யாஸ் அப்படியல்ல, போனால் போகட்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. 2024 சோதனையில் 30 நிமிட இடைவெளியில் இரண்டை ஏவிக் காட்டினீர்கள். அப்படியென்றால் ஒரே காலைப் பொழுதில், வெவ்வேறு திசைகளிலிருந்து, வளைந்தும் தாழ்ந்தும் வரும்படி பல இலக்குகளை அனுப்ப முடியும்தானே? அந்தப் பயிற்சியைத்தான் கேட்கிறேன்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 2025 மே 8 இரவு, 36 இடங்களைக் குறிவைத்துப் பாகிஸ்தான் 300 முதல் 400 ட்ரோன்கள் வரை ஏவியதாக நம் அரசே சொன்னது. இரான் 2023-இல் ஷாஹேத் ட்ரோனின் ஜெட் வகையைக் காட்டியது. அந்த வகையை ரஷ்யா இப்போது உக்ரைன் மேல் ஏவுகிறது. பயிற்சிக்கான இலக்கும் எதிரியின் ஆயுதமும் ஏறக்குறைய ஒரே பொருளாகிவிட்டன. 1951-இல் பறக்கத் தொடங்கிய அமெரிக்காவின் ஃபயர்பீ வெறும் இலக்காகத்தான் பிறந்தது. அதன் வழிவந்த ட்ரோன்கள் வியட்நாம் மேல் ஆயிரக்கணக்கான முறை உளவு பார்க்கப் பறந்தன. இலக்கு விமானம் செய்யத் தெரிந்த எந்த நாடும் அதை ஆயுதமாக மாற்றிக்கொள்ளும்.

அப்யாஸில் இருக்கும் ஒரு கருவி என்னை மிகவும் கவர்ந்தது. குண்டு எவ்வளவு தள்ளிப் போனது என்று அளந்து சொல்லும் கருவி அது. எங்களுக்கு, பட்டதா படவில்லையா என்பதோடு முடிந்துவிடும். மீதியை ஓரமாக நின்று பார்க்கும் அதிகாரியின் கண்தான் சொல்ல வேண்டும். அந்த அளவு, சுட்ட அணிக்கே அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அறிக்கைக்குள் புதைந்துவிட்டால் யாருக்கும் பயனில்லை.

ஆபத்தும் உண்டு, மறைக்கவில்லை. 2013 நவம்பரில் கலிபோர்னியா கடலில், விலகிப் போக வேண்டிய ஒரு ஜெட் இலக்கு விமானம் நேராக வந்து அமெரிக்கப் போர்க்கப்பல் சான்சலர்ஸ்வில் மீது மோதியது. இரண்டு மாலுமிகளுக்குத் தீக்காயம். வழிதவறும் விமானத்தின் பறப்பைத் துண்டிக்கும் ஏற்பாடு ஒவ்வொரு ஏவலுக்கு முன்பும் சோதிக்கப்பட வேண்டும். அந்த விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

கடற்கரை மக்களையும் மறக்காதீர்கள். சண்டிப்பூரில் ஏவுகணைச் சோதனை என்றால் அக்கம்பக்கத்துக் கிராமத்தார் வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போகிறார்கள். பயிற்சி கூடினால் கடலுக்குப் போக முடியாத நாட்களும் கூடும். அந்தத் தேதிகளை மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, இழந்த நாளுக்கான பணத்தை அன்றே கையில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வான்பாதுகாப்பு ரெஜிமென்ட்டும் ஆண்டுக்கு எத்தனை ஜெட் இலக்குகளைச் சுட்டது என்ற எண்ணிக்கையைப் பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு முன் வையுங்கள். ரகசியம் என்றால் மூடிய அறையில் வையுங்கள். முதல் கணக்கு அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே போகட்டும். அதைப் பார்த்து எத்தனை அப்யாஸ் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு முன்னாள் வான்பாதுகாப்புப் பீரங்கி வீரர்