பணம் கட்டும் முன்பே விவரமான பில்லைக் கொடுக்கச் சொல்லுங்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம்,
தேனாம்பேட்டை, சென்னை.

மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் தனியார் மருத்துவமனைகளில் பில் எப்படிப் போடப்படுகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அவற்றுக்குப் பதிவுச் சான்று தரும் துறை உங்களுடையது. அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உள்நோயாளியாகச் சேரும் ஒவ்வொருவருக்கும், அன்றன்றைய செலவை வரி வரியாகக் காட்டும் பில்லை, தமிழில், பணம் கட்டும் முன்பே கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு போடுங்கள்.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அது தனிப் பேச்சு. எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

எங்கள் சித்திக்கு நிமோனியா முற்றி மூச்சுத் திணறல் வந்ததால் நகரத்தின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஐசியூ டாக்டர்களும் நர்சுகளும் அவரை மீட்டுக் கொடுத்தார்கள். அந்த நன்றி எங்கள் குடும்பத்துக்கு என்றும் உண்டு. நான் பேச வந்தது கீழ்த்தளத்து பில்லிங் கவுன்ட்டரைப் பற்றி.

சேர்த்த அன்றே அட்வான்ஸ் கட்டினோம். அதன்பிறகு போன் வந்துகொண்டே இருந்தது. “சார், உங்க அட்வான்ஸ் முடிஞ்சிடுச்சு, இன்னைக்குள்ள ஐம்பதாயிரம் கட்டிடுங்க.” கட்டியதெல்லாம் எதில் போனது என்று கேட்டால் ஒரு தாளை நீட்டுவார்கள். ரூம், நர்சிங், டாக்டர் விசிட், லேப், ஃபார்மசி, கன்ஸ்யூமபிள்ஸ், மிசலேனியஸ். ஏழு வரி, ஏழு தொகை. ஃபார்மசி என்ற ஒரு சொல்லுக்கு நேரே மட்டும் லட்சத்தைத் தாண்டி நின்றது. எந்த மருந்து, எத்தனை, என்ன விலை? “டீட்டெய்ல் பில் ஃபைனல் செட்டில்மென்ட் ஆனப்புறம்தான் சார் வரும். சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு.” சித்தியின் வளையல்களைப் பெரம்பூரில் அடகு வைத்துவிட்டு வந்து கட்டினேன். ஐசியூ கதவுக்கு வெளியே நிற்கிறவன் கணக்கு கேட்டு மல்லுக்கட்ட மாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே வாயை மூடிக்கொள்வான். நானும் மூடிக்கொண்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்து, “பாட்டி வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி ஆஸ்பத்திரி உடையை மாற்றி, தலைவாரி, சேலை கட்டிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இடது கையில் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கும் ஊசிக்குழாய், அப்படியே இருந்தது. ஊசி மருந்து எல்லாம் முந்தின நாளே முடிந்துவிட்டது, இனி அதற்கு வேலை இல்லை. குத்தின இடம் சிவந்து, சுற்றிலும் தோல் வீங்கி, பிளாஸ்டரின் ஓரம் கறுத்துச் சுருண்டிருந்தது. வலிக்கிறது, எடுத்துவிடச் சொல்லுப்பா என்றார். நர்ஸிடம் போய்க் கேட்டேன். சின்னப் பெண், சங்கடத்தோடுதான் சொன்னார்: “பில்லிங் கிளியரன்ஸ் வந்தாதான் சார் எடுக்கணும்.” மதியச் சாப்பாட்டை வலது கையால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இடது கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டே அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெளியே இருட்டிய பிறகுதான் கிளியரன்ஸ் சீட்டு மேலே வந்தது. அதன்பின் ஊசியை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இயக்குநர் அவர்களே, நோயாளியின் நரம்பில் இருக்கும் ஊசிக்கும் பில்லுக்கும் என்ன சம்பந்தம்? பணத் தகராறைக் காரணம் காட்டி நோயாளியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. அந்தச் சாசனத்தை ஏற்று நடைமுறைப்படுத்தும்படி 2019-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. கதவைப் பூட்டினால்தான் நிறுத்தி வைப்பதா? கையில் வென்ஃப்ளானோடு உட்கார வைத்தால் அதற்கு வேறு பெயரா?

தாமதத்துக்கு இன்சூரன்ஸைக் கை காட்டினார்கள். அதையும் விசாரித்தேன். டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் தந்துவிட வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வாங்கும் பணத்தை அந்த நிறுவனமே ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆனால் மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய பிறகுதானே அந்த 3 மணி நேரம் ஓடத் தொடங்கும்? எங்கள் விஷயத்தில் பில்லைத் தயாரித்து அனுப்பவே மாலை ஆகிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்குக் கெடு வைக்க ஆணையம் இருக்கிறது. மருத்துவமனைக்குக் கெடு வைக்க எங்களுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ரூம் விஷயமும் இதில் சேர்ந்தது. சித்தியின் பாலிசி 5 லட்சம். அதில் ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 5,000 ரூபாய்தான் அறை வாடகைக்கு உச்சவரம்பு. ஐசியூவிலிருந்து மாற்றியபோது 7,500 ரூபாய் அறைதான் காலியாக இருக்கிறது என்றார்கள். மேலே உள்ள 2,500-ஐ நாம் கட்டினால் போதும் என்று நினைத்தோம். அப்படியில்லை. வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால் டாக்டர் விசிட், நர்சிங் போன்றவற்றிலும் அதே விகிதத்தில், எங்கள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு, வெட்டிவிடுவார்கள். 5,000-க்கு மேற்பட்ட அறை வாடகைக்கு 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டி வேறு. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த விகித வெட்டு கிடையாது என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அறை மாற்றும்போது கையெழுத்து வாங்கிய ஊழியர் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் ஷேரிங் ரூம் காலியாகும்வரை காத்திருந்திருப்போம். கையெழுத்துப் போட்ட தாள் முழுக்க ஆங்கிலம். சித்திக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும்.

எல்லாம் கட்டி முடித்த பிறகு விவரப் பில் கைக்கு வந்தது. பொடி எழுத்தில் பல பக்கங்கள், எல்லாம் சுருக்கெழுத்து. வீட்டில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பி முறைப் பையனை உட்கார வைத்துப் படித்தோம். ஒரு இடத்தில் அவன் விரல் நின்றது. எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் ஆன்டிபயாட்டிக்கை மாற்றியிருந்தார். பிரிக்காமல் மிச்சமிருந்த பழைய ஆன்டிபயாட்டிக்கான மெரோபெனம் ஊசி மருந்துக் குப்பிகளை வார்டில் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நானே கீழே கொண்டுபோய் ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்துச் சீட்டு வாங்கினேன். பில்லில் அவை வாங்கிய கணக்கில் இருந்தன, திருப்பிய கணக்கில் இல்லை. சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் மறு பேச்சில்லாமல் கழித்தார்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேரத்தான் நாளானது.

இதில் திருட்டு என்று நான் சொல்லவில்லை. பதிவில் விட்டுப்போயிருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திராதவர் என்ன செய்வார்? சொந்தத்தில் மருந்துக்கடைப் பையன் இல்லாதவர்? அன்றன்றைய பில் கையில் இருந்திருந்தால் அந்தத் தவறு மறுநாளே கண்ணில் பட்டிருக்கும். வளையலை அடகு வைக்கும் தேவைகூடச் சற்றுக் குறைந்திருக்கும். அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன்: பணம் கட்டும் முன்பு பில், கட்டிய பின்பு அல்ல.

உங்களால் முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2020 ஜூனில் கொரோனா சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகள் ஐசியூவில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய்தான் வாங்கலாம் என்று தமிழ்நாடு அரசே நிர்ணயித்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகுப்புக் கட்டணம் எழுதியே வைத்திருக்கிறீர்கள். அரசுக்குக் கணக்குக் காட்ட முடிகிற மருத்துவமனைக்கு, அதே கணக்கை நோயாளியின் வீட்டாருக்குக் காட்ட மட்டும் சிஸ்டம் இடம் கொடுக்காதா? மின்சாரக் கட்டணத்தில் எத்தனை யூனிட், எந்த அடுக்குக்கு என்ன விலை என்று பாமரரும் பார்த்துக்கொள்ள முடிகிறது. உயிர் சம்பந்தப்பட்ட பில்லில் முடியாது என்றால் அதை யார் ஒப்புக்கொள்வார்கள்?

மருந்து விலையையும் இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2018-இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் தில்லிப் பகுதியின் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து, சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போனதாகச் சொன்னது. மொத்தக் கொள்முதலுக்கு ஆசைப்படும் கம்பெனிகள் அட்டையில் எம்ஆர்பியை உயர்த்தி அச்சிட்டுத் தருகின்றன, அதன் பலன் மருத்துவமனைக்குப் போகிறது என்றும் விளக்கியது. அட்டையில் உள்ள விலைக்குத்தான் விற்றோம் என்ற பதில் சட்டப்படி சரியாகவே இருக்கும். வார்டிலிருந்து மருந்து கேட்டு வரும் இன்டென்ட் சீட்டு நேராக உள் ஃபார்மசிக்குப் போகிறபோது, நமக்கு வெளிக்கடையில் விலை கேட்கவாவது வழி எங்கே? இது தொடர்பான வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கொள்கை வகுக்க வேண்டியது மாநில அரசுகள்தான் என்று சொல்லி முடித்துவைத்தது. பந்து உங்கள் பக்கம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறதா இல்லையா என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் கோர்ட்டில் இல்லை, பில்லிங் கவுன்ட்டர் வரிசையில் நிற்கிறார்கள்.

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ நிறுவனங்களுக்கான மத்தியச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகள், கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும்படி எழுதி வைக்கச் சொல்கின்றன. நமக்கென்று 1997-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. முன்னோடி மாநிலம் என்று பெயரெடுத்த இடத்தில் நோயாளிக்கு அதைவிடக் குறைவாகக் கிடைக்கக் கூடாது என்பது நியாயமான எதிர்பார்ப்பு என்றே நம்புகிறேன்.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான். அன்றன்றைய விவரப் பில் தமிழில், பணம் கட்டும் முன்பே கொடுக்கப்பட வேண்டும். திருப்பிக் கொடுத்த மருந்து அதே நாள் பில்லில் கழிந்திருக்க வேண்டும். டாக்டர் டிஸ்சார்ஜ் சொன்னதிலிருந்து இறுதிப் பில் வர ஒரு நேர வரம்பு வேண்டும், வென்ஃப்ளானை எடுக்க அந்தப் பில்லுக்காகக் காத்திருக்கவே கூடாது. பதிவைப் புதுப்பிக்கும்போது மாவட்ட இணை இயக்குநர்கள் கட்டடத்தையும் படுக்கைகளையும் பார்ப்பதோடு பில்லிங் கவுன்ட்டரிலும் நின்று, நான்கு பில்லை வாங்கிப் பார்க்கட்டும். உத்தரவின் நகலை, புகார் சொல்ல வேண்டிய அலுவலரின் தொலைபேசி எண்ணோடு, ஒவ்வொரு பில்லிங் கவுன்ட்டர் கண்ணாடியிலும் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு நோயாளியின் உறவினர்