சிட்டிசன்ஷிப் வகுப்பு எடுக்கப்போகும் வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

உன் மெயில் பார்த்தேன். மகள் வீட்டுப் பக்கத்து நூலகத்தில், அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு எழுதப்போகிறவர்களுக்குச் சிட்டிசன்ஷிப் வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டதில் ரொம்ப சந்தோஷம். நியூஜெர்சி குளிரில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் நீ அனுப்பிய பாடத்திட்டத்தில் எட்டு வாரமும் தேர்வில் வரும் அந்த 128 அரசியல் கேள்விகளுக்கே போயிருக்கிறது. அதைப் பாதியாகக் குறைத்துவிடு.

முதல் நாளே ஒவ்வொருவரிடமும் குடியுரிமை கேட்டுப் போடும் என்-400 விண்ணப்பம் எந்தத் தேதியில் போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள். 2025 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்டவர்களுக்குப் பழைய 2008 தேர்வுதான்: 100 கேள்விப் பட்டியல், அதில் 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும். அன்றோ அதற்குப் பிறகோ போட்டவர்களுக்குப் புதுசு: 128 கேள்விப் பட்டியல், 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வரவேண்டும். 12 வந்ததும் நிறுத்திவிடுவார்கள். 9 தப்பானாலும் நிறுத்திவிடுவார்கள். விண்ணப்பம் போடும்போது வயது 65 ஆகி, கிரீன் கார்டோடு 20 வருஷம் இங்கே இருந்தவர்களுக்கு நட்சத்திரக் குறி போட்ட 20 கேள்விகள் மட்டும். அதில் 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும், அதுவும் தமிழிலேயே. 50 வயதும் 20 வருஷமும், இல்லை 55 வயதும் 15 வருஷமும் ஆனவர்களுக்கு இங்கிலீஷ் தேர்வு கிடையாது, ஆனால் அரசியல் கேள்விகள் முழுசாக உண்டு. மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழில் சொல்லலாம். இவர்களையெல்லாம் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே பாடம் நடத்தினால் பாதிப் பேருக்கு வீண்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியும் பதிலும் அரசாங்கமே வெளியிட்டது. நம் ஆட்களுக்கு மனப்பாடம் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு மாதத்தில் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். அவர்கள் தடுக்கி விழுகிற இடம் வேறே. இங்கிலீஷ் பேசத் தெரிகிறதா என்று பார்க்க நேர்காணலில் தனித் தேர்வு கிடையாது. அதிகாரி என்-400 படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருக்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பார். அந்தப் பேச்சுதான் தேர்வு. அதற்குப் பட்டியலும் கிடையாது, ஒப்பிக்கவும் முடியாது.

அந்தப் படிவத்தில் ‘ஹாவ் யூ எவர்’ என்று தொடங்குகிற கேள்விகள் வரிசையாக வரும். எப்போதாவது அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டதுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா, வரிபாக்கி உண்டா, கம்யூனிஸ்ட் கட்சியிலோ சர்வாதிகாரக் கட்சியிலோ இருந்ததுண்டா, கைதானதுண்டா. பெரும்பாலானவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ‘நோ’தான். இருபது ‘நோ’ சொல்லி அந்தத் தாளத்திலேயே போய்க்கொண்டிருக்கும்போது, அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்று வரும். அதற்கும் ‘நோ’ என்றுவிடுவார்கள். அடுத்து, சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்தத் தயாரா என்று வரும். ‘பேர் ஆர்ம்ஸ்’ என்றதும் முழிப்பார்கள். ஆகவே பயிற்சியில் இந்தக் கேள்விகளைப் படிவத்தின் வரிசையில் கேட்காதே, கலைத்துப் போட்டுக் கேள். ‘எல்லாத்துக்கும் நோ சொல்லுங்க’ என்று யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள், அதை முதலில் அழி. பதில் சொல்வது சத்தியப் பிரமாணத்தின் கீழ். போக்குவரத்து போலீஸ் டிக்கெட் கொடுத்த கதை இருந்தால் அது படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதோடு ஒத்துப்போக வேண்டும். சில அதிகாரிகள் ‘நோ’ என்றதும், ‘அப்படியென்றால் என்ன, சொல்லுங்கள்’ என்று திருப்பிக் கேட்பார்கள். ஒவ்வொரு கடினச் சொல்லுக்கும் நாலு சின்ன வார்த்தையில் ஒரு விளக்கம் வாயில் ஏறியிருக்க வேண்டும்: ‘ஆயுதம் ஏந்துவது’ என்றால் ‘யூஸ் கன், ஃபைட் ஃபார் கன்ட்ரி’. இலக்கணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

புரியாவிட்டால் மறுபடி கேட்கும் உரிமை உண்டு என்பதை அழுத்திச் சொல். கேள்வியைத் திரும்பச் சொல்லவும் வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்கவும் அதிகாரிகளுக்கே அறிவுறுத்தல் இருக்கிறது. ‘ப்ளீஸ் ரிப்பீட்’, ‘ப்ளீஸ் சே இட் அனதர் வே’ இரண்டும் முதல் வகுப்பிலேயே. நம் ஆட்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். நம் தலையாட்டல் எஸ்ஸா நோவா என்று எதிரே இருப்பவருக்குப் புரியாது. வாயால் சொல்லப் பழக்கு.

‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்காதே. எல்லோரும் ‘புரிஞ்சுது’ என்பார்கள். இப்படிச் செய். ஃபெடரல் சட்டங்களை யார் இயற்றுகிறார்கள் என்ற கேள்விக்கு ‘காங்கிரஸ்’ (இங்கத்து நாடாளுமன்றம்) என்று டக்கென்று வந்துவிட்டதா? உடனே இங்கிலீஷிலேயே மாற்றிக் கேள்: அரசாங்கம் புதிதாக ஒரு வரிச் சட்டம் கொண்டுவர வேண்டும், முதலில் யார் ஓட்டுப் போட வேண்டும்? ‘பிரசிடெண்ட்’ என்று வந்தால் அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பார். தமிழில் சரியாகச் சொன்னால் குறை காதில். கேட்கும் பயிற்சி கொடு. தமிழிலும் தப்பாகச் சொன்னால் குறை விஷயத்தில்; படம் போட்டு விளக்கு. தமிழில் விளக்கமாகச் சொல்லி, இங்கிலீஷில் ஒரு வார்த்தையும் எழவில்லை என்றால் பேச்சுப் பழக்கம்தான் போதவில்லை. நோட்டில் ஆளுக்கு மூன்று கட்டம் போட்டுக் குறித்துவை: காதில் விழுந்ததா, தெரியுமா, சொல்ல வந்ததா. மூன்றையும் ஒரே மார்க்காகப் போட்டால் யாருக்கு என்ன மருந்து என்றே தெரியாது.

நம் ஊர் அரசியல் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம் என்பதையும் பார்ப்பாய். குடியரசுத் தலைவர் என்றால் கையெழுத்துப் போடுபவர் என்று மனசில் இருக்கும். நிர்வாகத்தை நடத்துவது அவரே என்பது ஒட்டாது. கவர்னரை டெல்லி அனுப்பும் என்று நினைப்பார்கள். இங்கே மாநில மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்றால் தலைமைச் செயலாளர் மாதிரி ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று ஓய்வுபெற்ற அரசு ஊழியர் அடித்துச் சொல்வார். அது கேபினெட் பதவி, வெளியுறவு அமைச்சருக்குச் சமம் என்று சொல். கையோடு, இங்கே கேபினெட்டில் இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவே முடியாது என்பதையும் சொல். எம்.பி.யாக இல்லாத மந்திரியா என்று ஒரு விவாதம் கிளம்பும், கிளம்பட்டும். காங்கிரஸின் மேல்சபையான செனட்டுக்கு மட்டும் நம் ராஜ்யசபா கைகொடுக்கும்: இரண்டிலும் ஆறு வருஷம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாறும். 1913 வரை செனட்டர்களையும் மாநிலச் சட்டசபைகள்தான் தேர்ந்தெடுத்தன. அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தம் வந்த பிறகே மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். மாநிலம் பெரிதோ சிறிதோ இரண்டே பேர் என்பது ராஜ்யசபாவில் இல்லாத சங்கதி. புதுப் பட்டியலில் இதற்கெல்லாம் ‘ஏன்’ கேள்விகள் இருக்கின்றன: ஏன் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர், ஏன் கீழ்சபைப் பிரதிநிதிகளுக்குப் பதவிக்காலம் குறைவு. இதைச் சேர்த்தது நல்லது என்பது என் கட்சி, ஆனால் ஆரம்ப நிலை இங்கிலீஷ்காரர்களுக்கு ‘ஏன்’ பதிலைச் சொல்வது ஒற்றைச் சொல் பதிலைவிட ரொம்பக் கஷ்டம். ‘ஈக்வல் ரெப்ரசன்டேஷன்’ (சமமான பிரதிநிதித்துவம்) என்பதை உடைத்து உடைத்து ஒரு வாரம் சொல்லவை.

படிப்பதும் எழுதுவதும் சுலபம். மூன்று வாக்கியத்தில் ஒன்றைச் சரியாகப் படித்தால் போதும், மூன்றில் ஒன்றை எழுதினால் போதும், சொற்பட்டியலும் வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்பெல்லிங் கொஞ்சம் தப்பினாலும் அர்த்தம் கெடாவிட்டால் விட்டுவிடுவார்கள், ஆனால் சொன்ன வார்த்தையைச் சுருக்கி எழுதக் கூடாது. படிக்கும்போது முக்கியமான சொல்லைத் தாண்டினாலோ மாற்றிப் படித்தாலோ போச்சு. எழுதுவது பெரும்பாலும் டேப்லெட்டில் பிளாஸ்டிக் பேனாவால். உள்ளங்கை பட்டு எழுத்து இழுத்துக்கொண்டு போகும் என்று பயந்து கையைத் தூக்கிக்கொண்டே எழுதுவார்கள், கோணலாக வரும். பேரன் பேத்தியின் டேப்லெட்டை வாங்கி நாலு நாள் எழுதச் சொல்.

தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு, 60-இலிருந்து 90 நாளுக்குள்; எந்தப் பகுதியில் தோற்றார்களோ அது மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

செனட்டர், கவர்னர், சபாநாயகர் பெயர்களை மட்டும் அச்சிட்ட புத்தகத்திலிருந்து எடுக்காதே. நேர்காணலுக்கு முந்தின வாரம் அரசாங்க இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடு, தேர்தல் முடிந்த ஜனவரியில் இன்னும் கவனமாக இரு. பழைய சொற்பட்டியல் தாளையும் என்-400 கேள்விகளைக் கலைத்துப் போட்டு வைத்திருக்கிற தாளையும் ஸ்கேன் பண்ணி இந்த வாரமே அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம் என்று எழுதியிருந்தாயே, என்ன ஆயிற்று? அதைப் பற்றியும் எழுது.

அன்புடன்,
கமலா